எடுத்துக் கொடுப்பவளின் பத்து நிமிடம்

பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றவளுக்கு மூன்றாவதாக ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை பதினொரு மணி, இரண்டாவது மாடி, ஏழாம் எண் அறை. மாலைநேரப் பட்டப்படிப்பின் மற்ற எல்லாத் தாள்களையும் அவள் எழுதித் தேறிவிட்டாள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். வாயைத் திறந்து பத்து நிமிடம் பேசு என்றால்தான் வில்லங்கம்.

ஊமை இல்லை. கூச்ச சுபாவம் என்றும் சொல்லிவிட முடியாது. தொழில் அப்படி. ஒரு நாடகக் குழுவில் இருபது வருடமாக வசனம் எடுத்துக் கொடுக்கிறாள். மேடையின் இடது பக்கத் திரைமறைவில் குட்டை முக்காலி, மடியில் நாடகப் பிரதி, கையில் விரல் நீள டார்ச். நடிகர் தடுமாறும் நேரத்தில் அடுத்த இரண்டு வார்த்தையை மூச்சிலேயே அனுப்ப வேண்டும். நடிகருக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசைக்குக் கேட்கக் கூடாது. இதற்கென்று பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது. அவளாகப் பழகி, பழகி, கடைசியில் குரலே அப்படி ஆகிவிட்டது. குழுவில் அவளை 'மூச்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். இளையவர்களுக்கு 'மூச்சக்கா'.

வீட்டிலும் அதே கதைதான். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர், கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாகியும் சண்டை வராததற்குக் காரணம் அவள் திட்டுவது காதில் விழாததுதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். பள்ளியில் படிக்கும் மகள், அம்மா பேசுவதற்குக் கீழே எழுத்து ஓடவிட்டால் தேவலை என்பாள். மூச்சு இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டாலும் யாருக்குக் கேட்கப்போகிறது?

பட்டம் எதற்கென்றால், வேலைக்குத்தான். மகள் படிக்கும் பள்ளியில் நூலக உதவியாளர் இடம் காலியாக இருந்தது. தலைமையாசிரியைக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான குரல் எங்கே கிடைக்கும்? ஆனால் மாதக் கடைசிக்குள் பட்டச் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் அடுத்து இருப்பவருக்கு இடம் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். சத்தம் போடாமல் இருக்க வேண்டிய வேலைக்குப் போவதற்குச் சத்தம் போட்டுப் பேசித் தேற வேண்டும். இந்த வேடிக்கையை நினைத்து அவளே ஒரு நாள் சிரித்துக்கொண்டாள். ஆனால் அந்த இடம் அவளுக்கு வேண்டும். மனதார வேண்டும். இருட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு அலுத்துவிட்டது. முதுகும் போய்விட்டது. ஜன்னல் இருக்கிற ஒரு அறையில், பகல் வெளிச்சத்தில், சாய்வு உள்ள நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

முதல் முறை அவள் பேசியபோது இரண்டாம் வரிசையிலிருந்தே "கேக்கல" என்றார்கள். பத்து நிமிடமும் உதடு அசைந்தது, அவ்வளவுதான். இரண்டாம் முறை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். ஆட்கள் முன்னால் நின்றாள். முதல் வார்த்தையை யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று காத்திருந்தாள். தான் அப்படிக் காத்திருக்கிறோம் என்பதே அவளுக்கு நாலு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் பேராசிரியை படிவத்தை மூடிவிட்டார்.

இந்த முறை ஒரு சலுகை இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒரே தலைப்பில் பேசலாம், ஆளுக்குப் பத்து நிமிடம், மதிப்பெண் தனித்தனி. அவளோடு சேர வந்தவர் ஒரு உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். வகுப்பில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். ஆள் அலமாரி அகலம். குரல் அதற்கு மேல். அவர் மூன்றாம் வரிசையிலிருந்து மெல்லப் பேனா கேட்டால் மாடிப்படியில் போகிறவர் நின்று பார்ப்பார். ஆனால் ஞாபகம் மட்டும் சல்லடை. ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரை எண்ணுவது அவருக்கு அன்றாடத் தொழில், அதற்கு மேல் எதையும் மண்டையில் வைத்துக்கொள்வதில்லை.

"உங்ககிட்ட விஷயம் இருக்கு, என்கிட்ட தொண்டை இருக்கு. சேந்தா சமாளிச்சிரலாம் அக்கா" என்றார். அவளுக்கும் அது சரி என்றே பட்டது.

தலைப்பை அவள்தான் பிடித்தாள். வரிசையில் நிற்பவர்கள். மருத்துவமனையில் சீட்டு வாங்கும் ஜன்னல், வங்கி, பதிவு அலுவலகம் என்று மூன்று இடங்களில் மூன்று வாரம் இருவரும் நின்று பார்த்தார்கள். "ஒரு நிமிஷம், ஒரே ஒரு கேள்விதான்" என்று சொல்லி முன்னால் நுழையப் பார்த்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் அறுபத்தேழு பேரை வரிசை உள்ளே விட்டது. யார் விட்டார்கள், யார் விடவில்லை, விட்டவர் முகம் எப்படி இருந்தது என்றெல்லாம் அவள் குறிப்பு எடுத்தாள். மாஸ்டர் நின்ற வரிசையில் யாருமே நுழையப் பார்க்கவில்லை என்பதால் அவரைத் தூரத்து பெஞ்சில் உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

பிறகு எழுதினாள். முதல் பாதி மாஸ்டருக்கு, இரண்டாம் பாதி தனக்கு. அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே வடிவம் நாடகப் பிரதி. அதனால் இதையும் அப்படியே எழுதினாள். பேச வேண்டியதெல்லாம் நீல மையில். அவர் முடிக்கும் இடத்தில், 'மாஸ்டர் விலகுகிறார், அவள் முன்னால் வருகிறாள்' என்பது மட்டும் அடைப்புக்குறிக்குள், சிவப்பில். நாடகத்தில் யார் வருகிறார், யார் போகிறார், யார் நாற்காலியில் அமர்கிறார் என்பதையெல்லாம் அப்படித்தான் எழுதுவது வழக்கம்.

ஒத்திகை மாஸ்டரின் கூடத்திலேயே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே ஆள் இருக்காது. எடைத் தட்டுகளும் ரப்பர் பாயும் வியர்வை வாடையும் மட்டும் இருக்கும். சுவர் முழுக்கக் கண்ணாடி. மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்துப் பேசுவார், மூன்றாவது வாக்கியத்தில் நிற்பார். பேச்சு நிற்கப்போகிறது என்றால் அதற்கு முன்பே தொண்டைக்குழி உள்ளே இறங்கும். நடிகர்களிடம் அவள் இருபது வருடமாகப் பார்ப்பது அதைத்தான். மாஸ்டருக்கு அது நன்றாகவே தெரியும்படி இறங்கியது. அவள் அடுத்த இரண்டு வார்த்தையை அனுப்புவாள். அவர் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுபடி நிற்பார், மறுபடி கொடுப்பாள். ஆறு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. நான்காவது ஞாயிறுக்கு மேல் மாஸ்டர் வீட்டில் அந்தத் தாளைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

"மனப்பாடம் பண்ண வேணாமா?" என்று கேட்டதற்கு, "அதான் நீங்க இருக்கீங்களே" என்றார். அவளும் சிரித்தாள். இருபது வருடமாக எல்லா நடிகரும் அவளிடம் சொல்லும் வார்த்தை அது. கேட்க அவளுக்கு எப்போதும் சுகமாகவே இருந்திருக்கிறது.

இதில் இரண்டு பேருமே கவனிக்காத ஒன்று உண்டு. அவளுடைய பாதியை அவள் ஒரு முறைகூடச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கவில்லை. அவர் பாதி முடிவதற்கும் பயிற்சிக்கு ஆட்கள் வருவதற்கும் சரியாக இருக்கும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பாள். வீட்டில் கணவர் கேட்டபோது எல்லாம் தயார் என்றாள். தாளைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவர் பாதி, தன் பாதி இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள், மனதுக்குள்.

பத்தொன்பதாம் தேதி ஏழாம் அறையில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். மாலையில் படிக்கிறவர்கள், ஆளுக்கொரு வேலையிலிருந்து வருகிறவர்கள். பேராசிரியை மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் படிவம், ஒரு கைக்கடிகாரம், ஒரு பேனா. கறாரான மனுஷி, ஆனால் அநியாயக்காரி இல்லை. தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது, மைக் கிடையாது, பத்தாவது நிமிடம் பேனாவால் மேசையில் ஒரு தட்டு தட்டுவேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கரும்பலகைக்குப் பக்கத்தில் புரொஜெக்டரும் லேப்டாப்பும் இருந்தன. படங்களை மாற்றுவதற்காக அவள் லேப்டாப்பை ஒட்டி நின்றாள். பிரதியைக் கோப்புக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தாள். படிப்பதற்காக இல்லை. அது கையில் இல்லாமல் அவளுக்கு நிற்கத் தெரியாது. மாஸ்டர் அவளிடமிருந்து இரண்டு கை தூரத்தில் நின்று, சட்டையை இழுத்துவிட்டு, வணக்கம் என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நாலு வாக்கியம் நன்றாகப் போனது. ஐந்தாவதில் தொண்டைக்குழி இறங்கியது. அவள் யோசிக்கவே இல்லை. கண் சிமிட்டுவதற்கு யாராவது யோசிப்பார்களா? கோப்பினை உதட்டு உயரத்துக்குத் தூக்கி இரண்டு வார்த்தையை அனுப்பினாள். மாஸ்டர் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. அவர் நிறுத்தும் இடமெல்லாம் அழகான இடைவெளியாகத் தெரிந்தது. ஆட்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, மேலே போகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பேராசிரியை படிவத்தில் எதையோ எழுதித் தலையசைத்தார். மூச்சுக்கு உள்ளே பூரித்தது. நல்ல நடிகர் ஒருவர் கையில் பிரதியைக் கொடுத்துவிட்ட நிம்மதி அது.

பத்தாவது நிமிடம் பேனா தட்டியது. மாஸ்டர் தன் கடைசி வாக்கியத்தை முடித்துவிட்டு அவளைப் பார்த்தார். அவர் தொண்டைக்குழி இறங்கியது. அவள் கண் பிரதியில் அடுத்த வரிக்குப் போனது. அடுத்த வரி சிவப்பில், அடைப்புக்குறிக்குள் இருந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்துக் கொடுக்கக் கூடாது. எந்த நடிகரும் 'ராஜா சிம்மாசனத்தில் அமர்கிறார்' என்பதை வசனமாகச் சொல்வதில்லை. இருபது வருடப் பழக்கத்தில் அவள் கண் அதைத் தாண்டிக் கீழே நீல மைக்குப் போய், "முன்னால் நுழைகிறவர்கள்" என்று இரண்டு வார்த்தையை அனுப்பியது. மாஸ்டர் அதையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு நிமிடம் போன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று மாஸ்டர் கணீரென்று சொல்லும்போது, இது என்னுடையது ஆயிற்றே என்று தோன்றியது. அந்தக் கலக்கத்தில் அடுத்த எண்ணைத் தவறாக அனுப்பினாள். அறுபத்தேழு என்று சொல்ல வேண்டியதை எழுபத்தாறு என்றாள். எழுபத்தாறு பேரை வரிசை உள்ளே விட்டது என்று மாஸ்டர் முழங்கினார்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். இனி நான் பேசுகிறேன் என்று ஒரு எட்டு முன்னால் வந்திருந்தால் எட்டு நிமிடம் அவளுக்கு மிச்சம் இருந்திருக்கும். நிறுத்தவில்லை. பாதியில் விட்டால் அவர் எல்லார் முன்னாலும் முழிப்பார் என்பது ஒரு காரணம். எடுத்துக் கொடுக்கிறவர் நடிகரை நட்டாற்றில் விடக் கூடாது. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். அவர் நிறுத்தினால் அவள் பேச வேண்டும். அவர் பேசிக்கொண்டே இருப்பது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. கடைசி வரி வரைக்கும் கொடுத்துத் தீர்த்தாள்.

கைதட்டினார்கள். மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. பேராசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தது என்றும், நேரம்தான் இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டார், ஓட்டத்தைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்றும் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"இப்ப உங்க பகுதி. உங்க பத்து நிமிஷம் அப்படியேதான் இருக்கு."

மாஸ்டரின் முகம் மாறியது அப்போதுதான். அவர் அவளைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். விஷயம் முழுக்கத் தலையில் இறங்கியதும், நல்ல மனுஷன், தன்னால் ஆனதைச் செய்யப் பார்த்தார். அவள் முன்னால் வந்து நின்றதும் லேப்டாப் பக்கம் நகர்ந்து, கையை வாய்க்கு அணைகொடுத்து, "வணக்கம்னு சொல்லுங்க" என்று அவளுக்கு எடுத்துக் கொடுத்தார். அது அவருடைய ரகசியக் குரல். கடைசி பெஞ்சு வரை கேட்டது. அறையே சிரித்தது.

வணக்கம் என்றாள். முதல் வரிசைக்குக் கேட்டிருக்கலாம். அதற்கு மேல் வரவில்லை. சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. எழுதியதெல்லாம் தீர்ந்துவிட்டது, அதுவும் நல்லபடியாக, நல்ல குரலில். ஜன்னலுக்கு வெளியே எதையோ இறக்கும் லாரி ஒன்று பின்னோக்கி வந்து கொண்டிருந்தது, அதன் பீப் பீப் சத்தத்தை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியை பேனா மூடியைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் நான்காவது பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டாள். மாஸ்டர் எழுபத்தாறு என்று சொன்னார், ஆனால் திரையில் அறுபத்தேழு என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டாள். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். கடைசிப் படம், அட்டவணை, அதில் அறுபத்தேழு என்றுதான் இருந்தது. பேராசிரியை படிவத்தைத் திருப்பி மாஸ்டர் பெயருக்கு எதிரே பேனாவை வைத்தார். தரவில் பிழை இருந்தால் பத்து மதிப்பெண் போய்விடும் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்ததே.

மாஸ்டர் ஒரு எட்டு முன்னால் வந்தார். அவளைப் பார்க்காமல், "நான்தான் மேடம் மாத்திச் சொல்லிட்டேன்" என்றார்.

நாடகத்தில் இது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. எடுத்துக் கொடுக்கிறவள் தவறாகக் கொடுத்தால் சிரிப்பு நடிகருக்குத்தான் கிடைக்கும். ஊர் அவரைத்தான் கேலி செய்யும். அவள் திரைக்குப் பின்னால் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள். சொன்னது சொன்னதுதான், பின்னால் போகக் கூடாது, அடுத்த வரியைப் பார் என்பதுதான் தொழிலின் முதல் பாடம். எந்த நடிகரும் வெளியே வந்து, அவள் கொடுத்தது தப்பு என்று காட்டிக்கொடுத்ததில்லை. அவளும் வெளியே வந்து சொன்னதில்லை. இப்போது அவளுக்கு முன்னால் திரை எதுவும் இல்லை. இருபத்தைந்து பேருக்கும் அவள் முகம் தெரிந்தது, அவர் முகமும் தெரிந்தது.

"இல்ல" என்றாள்.

லாரிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. யார் பேசியது என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் மாத்திச் சொல்லல மேடம். நான்தான் தப்பாக் குடுத்தேன்."

தாளில் தவறாக எழுதிக் கொடுத்தீர்களா என்று பேராசிரியை கேட்டார். தப்பிக்க அது நல்ல வழி. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவருக்கு அந்தப் பத்து மதிப்பெண்ணில் பாதியாவது மிஞ்சும், அவளுக்கும் பேச்சைத் தொடர ஒரு நுனி கிடைத்துவிடும். மாஸ்டர் ஆமாம் என்று சொல்லச் சொல்லிக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"தாள்ல சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்ப எப்போ குடுத்தீங்க?"

"இப்பதான். அவர் பேசும்போது."

பேராசிரியைக்கு முதலில் பிடிபடவில்லை. நான் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு எதுவும் கேட்கவில்லையே என்றார். கேட்காது என்றாள். ஏன் கேட்காது என்றார். அதற்கு அவள் பதில் சொன்னாள். தொண்டையிலிருந்து வந்தால் தூரம் போகும், அதனால் மூச்சில் மட்டும் அனுப்ப வேண்டும், உயிரெழுத்தை விழுங்கிவிட்டு மெய்யை மட்டும் விட்டால் இரண்டு கை தூரத்தில் நின்றுவிடும் என்றாள். முழு வாக்கியம் கொடுத்தால் நடிகர் குழம்புவார், இரண்டு வார்த்தைதான் கணக்கு. எப்போது கொடுப்பது என்பதை வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, தொண்டையைப் பார்க்க வேண்டும். அழுகிற காட்சியில் நடிகர் நிறுத்தினால் மறந்துவிட்டாரா, அழுகிறாரா என்று கண்டுபிடிப்பதுதான் உலகத்திலேயே கஷ்டம், அவசரப்பட்டுக் கொடுத்தால் நல்ல மௌனம் கெட்டுவிடும் என்றாள். ஒருவர் கேட்டார், நடிகர் பக்கம் தாண்டிக் குதித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. நானும் குதிப்பேன் என்றாள். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடைப்புக்குறி விஷயத்தையும் சொன்னாள். அதைப் பல் ஆஸ்பத்திரிப் பெண் மறுபடி விளக்கச் சொன்னாள். அவள் கோப்பைத் திறந்து சிவப்பு வரியை எல்லாருக்கும் காட்டி, என் இடத்தை நானே இப்படித்தான் தாண்டிப் போய்விட்டேன் என்றாள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனாலும் கேட்டது.

அவள் முடித்தபோது பேராசிரியை கைக்கடிகாரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பதினோரு நிமிஷம். தாளப் பாக்கல. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. நான் உங்ககிட்ட எதிர்பாத்தது இதத்தான்." படிவத்தைப் பார்த்தார். "ஆனா இது உங்க தலைப்பு இல்ல."

பிறகு விதியைச் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் இன்னொருவருக்கு உதவினால் இரண்டு பேர் தேர்வும் செல்லாது. இருவரும் அடுத்த பருவத்தில் தனித்தனியாக வந்து பேச வேண்டும். சொல்வதற்கு அவருக்கே மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இரண்டு படிவத்திலும் குறுக்குக் கோடு போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. உதவி நடந்ததா என்று கேட்டால் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை நடந்திருக்கிறது.

வெளியே தாழ்வாரத்தில் நின்று பள்ளிக்குப் போன் செய்தாள். தலைமையாசிரியை வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார், ஆனால் அடுத்த பருவம் வரைக்கும் இடத்தை வைத்திருக்க முடியாது என்றார். புரிகிறது என்றாள். போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். வலித்தது. அந்த ஜன்னலையும் நாற்காலியையும் அவள் எப்போதோ தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை மறுபடி அதே முக்காலி.

மாஸ்டர் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் நின்றார். அவருக்கு இது முதல் முயற்சி. வாயை மூடிக்கொண்டு அவள் இருந்திருந்தால் இந்நேரம் தேறியிருப்பார். அவள் அருகே போனதும், கோபமில்லாமல், கணக்கு விளங்காத பிள்ளையின் குரலில் கேட்டார்.

"நான்தான் ஒத்துக்கிட்டேனே அக்கா. பத்து மார்க்தானே போயிருக்கும். நீங்களும் அப்படியே பேச்சக் கண்டினியூ பண்ணி பாஸாயிருக்கலாம். ஏன் சொன்னீங்க?"

என்ன சொல்வதென்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்தைகூடத் தப்பாச் சொல்லலயே மாஸ்டர். நான் குடுத்தத அப்படியே சொன்னீங்க."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர், அவள் குரல் கேட்டு, யாரோ தங்களைக் கூப்பிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள்.